மருந்து வண்டிக்கு முன்னால் போன வண்டி

மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வண்டிக்குக் கூரை வரைக்கும் சேறு, அதிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் புருவம் வரைக்கும் சேறு. காட்டுக்குள் போய், வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறங்கி, சிக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கயிறு போட்டு இழுத்து, அதைப் படமும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

"செம ட்ரிப் அங்கிள்! மூணு எடத்துல மாட்டிக்கிட்டோம்!" என்பான் எதிர்வீட்டுக் குமார், முகமெல்லாம் சிரிப்பாக. எங்கள் காலத்தில் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டவன் இப்படிச் சிரித்திருந்தால் என் அதிகாரி மிஸ்டர் பிந்தோ அவனுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "நாடு சுதந்திரம் வாங்குன மெர்டேக்கா காலத்துலயே லேண்ட் ரோவர் ஓட்டுனவராமே நீங்க, எழுதிக் குடுங்க" என்று வாசலில் வந்து நின்றார்கள். எழுதுவதற்கு முன்னால், இருப்பதிலேயே கஷ்டமான பாதை எது என்று காட்டச் சொல்லி என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் உற்சாகமாக வழி சொல்லிக்கொண்டே போனேன். ஆயர் குரோவைத் தாண்டி இன்னும் உள்ளே போனோம். நான் திரும்பச் சொன்ன முனையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டினால் தார். மலாய்க் கிராமமான கம்போங்கைக் கடந்தும் தார். பள்ளம் இருந்த இடத்தில் பாலம் என்றுகூடத் தெரியாத ஒரு பாலம். வண்டி ஒரு துளிகூடக் குலுங்கவில்லை. குமாருக்கு முகம் தொங்கிவிட்டது.

"என்ன அங்கிள், இது ரோடுதானே?"

"ஆமாப்பா, ரோடுதான்" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைக் கேட்க அங்கே இருந்தவர்கள் எத்தனை மழைக்காலம் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல் வந்துவிடக் கூடாதே என்று அங்கே ஓர் ஆள் பயந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். அந்த ஆள் நான்தான்.

நான் வண்டி ஓட்டக் கற்ற கதையை நீட்டப் போவதில்லை. யுத்தம் முடிந்தபோது ஊரில் பட்டாளத்து லாரிகள் நிறைய நின்றன. கழுவப் போனேன். கழுவுகிறவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள், தள்ளி நிறுத்தினவனைச் சந்தி வரைக்கும் ஓட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மற்ற எழுத்தெல்லாம் கடைப் பலகையிலும், பலகாரம் மடித்து வந்த பத்திரிகைத் தாளிலும் படித்தது. அரசாங்கத்தில் ஓட்டுநர் வேலை கிடைத்தபோது எங்கள் அப்பா தெருவுக்கே காப்பி வாங்கிக் கொடுத்தார்.

வேலை இதுதான். அப்போது உள்ளூர்களுக்கு மருந்து வண்டி என்று ஒன்று போய்க்கொண்டிருந்தது. நீளமான வேன். உள்ளே டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கிற ஒரு டிரெசர், ஒரு தாதி, பலகைப் பெட்டிகளில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள். இருமலுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம், காய்ச்சலுக்கு ஒன்று. பெரிய தோட்டங்களுக்குச் சொந்த டிரெசர் உண்டு. சின்னத் தோட்டங்களுக்கும் கம்போங்குகளுக்கும் இந்த வண்டிதான் ஆஸ்பத்திரி. ஆனால் அது சேற்றில் இறங்குகிற வண்டி இல்லை. ஆகவே அது போவதற்கு முன்னால் வேறொரு வண்டி போய், இந்தப் பாதை தாங்குமா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த முன்வண்டிதான் எங்கள் லேண்ட் ரோவர். அதன் ஓட்டுநர் நான், அதிகாரி மிஸ்டர் பிந்தோ.

மிஸ்டர் பிந்தோ மலாக்காவிலேயே பிறந்த போர்த்துகீசிய வம்சத்துக்காரர். ஒல்லி மனிதர். பொத்தான் ஒன்றுகூட விடாமல் போட்ட வெள்ளைச் சட்டை. என்னோடு மலாயில் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பாதை மோசமாகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையை மடித்து அதற்குள் வைத்து, சப்பாத்துகளைச் சீட்டுமேல் குழந்தைகளைப் போல உட்கார வைப்பார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியோடு சேற்றில் இறங்கி நடப்பார். அடி வைத்து, நின்று, கழியை இறக்கி, மறுபடி அடி வைத்து. மண்ணின் நிறத்தை அவரிடம்தான் பார்க்கக் கற்றேன். தானா மேரா என்கிற செம்மண், உள்ளே கல் கலந்தது, மழையிலும் ஓரளவு தாங்கும். சாம்பல் நிறக் களிமண் பார்க்கச் சாதுவாக இருக்கும், டயரில் ஒட்டிக்கொண்டு பிரேக்கையே மறக்கடித்துவிடும். கறுப்பு மண் என்றால் அவர் கழியை ஒரு முறைதான் இறக்குவார்.

அவர் நடந்து முடித்துக் கையை அசைத்த பிறகு என் முறை. அந்த வண்டியில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும், மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அமுக்கினால் முன்சக்கரமும் இழுக்கும். சிவப்பை இழுத்தால் வண்டி ஆமை வேகத்துக்கு வந்து யானை பலம் எடுக்கும். எல்லாவற்றையும் சேற்றுக்கு வெளியிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளே இறங்கின பிறகு கிளட்சைத் தொடக்கூடாது. ஸ்டீரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்பக்கம் வளைக்கக் கூடாது. முன்சக்கரம் கட்டையில் மோதினால் ஸ்டீரிங் சுழன்றடித்து விரலை முறித்துவிடும். ஜன்னலை மழையிலும் திறந்தே வைக்க வேண்டும், டயரின் சத்தம் காதுக்கு வந்தாக வேண்டும்.

சோதனை எப்படித் தெரியுமா? பின்னால் இரண்டு பலகைப் பெட்டிகள், மருந்து வண்டியில் இருப்பது போலவே. அதில் மருந்துப் போத்தல்கள், சாயத் தண்ணீர் நிரப்பித் தக்கை அடைத்தவை. போய்ச் சேர்ந்ததும் மிஸ்டர் பிந்தோ பெட்டியைத் திறந்து ஒவ்வொரு போத்தலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்று விரிசல் விட்டிருந்தாலும் அந்தப் பாதை தேறவில்லை. "உன் கெட்டிக்காரத்தனத்த எனக்குக் காட்டாத, முத்து. நீ போற மாதிரி போத்தல் போகாது. மருந்து வண்டிக்காரன் ஓட்டுற மாதிரி ஓட்டு" என்பார். அதுதான் சிரமம். சேற்றில் வண்டி ஓட்டத் தெரிந்தவனைச் சாதாரணமாக ஓட்டச் சொல்லுவது, பாடத் தெரிந்தவனைப் பேசச் சொல்லுவது போல.

பாதை தேறவில்லை என்றால் அவர் "முடியாது" என்று சொல்லமாட்டார். ஒரே சொல், "பெலும்". மலாய்க்காரர்கள் "இன்னும் இல்லை" என்பதற்குச் சொல்வது. கல்யாணம் ஆயிற்றா என்று எண்பது வயதுப் பிரமச்சாரியைக் கேட்டாலும் அவர் பெலும் என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல்லில் கதவு சாத்துகிற சத்தமே கேட்காது. தேறிவிட்டால் "இனி ஜாலான்", இது பாதை. அவ்வளவுதான்.

தேறாத பாதையை அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பார்ப்போம். தேறின பாதை மருந்து வண்டிக்குச் சொந்தம், எங்கள் வண்டி அந்தப் பக்கம் போகாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. எத்தனை வாய், எத்தனை பேச்சு! கம்போங் பெரியவர் ஒருவர், "தூரமெல்லாம் இல்ல, ஒரு சுருட்டு தூரம்" என்பார். அவர் சுருட்டு பாதி வழியில் அணைந்து, பற்றவைத்து, மறுபடி அணைகிற சாதி என்று போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, "போகலாம், போகலாம், நல்லாப் போகலாம்" என்பார். திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் பாதை எப்படி என்று கேட்டேன். "காலையில ரோடுண்ணே, மத்தியானம் வாய்க்கா. உங்களுக்கு எது வேணும்?" என்றாள்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டாள். பாக்கியம் அக்காதான் எனக்குச் சோறு போட்டது, தலை வாரியது, அடித்தது எல்லாம். அப்பா ஆற்று முகத்துவாரத்தில் படகுகளிலிருந்து மூட்டை இறக்குகிற கூட்டத்துக்குத் தலைவர். அவர் சொல்லுக்கு முப்பது நாற்பது தோள்கள் குனியும், நிமிரும். வீட்டிலும் அப்படித்தான். வாசலில் ஒரு தண்ணீர்ச் சாடி இருக்கும். கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. நான் வேலை முடிந்து சேறும் சகதியுமாக வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள், கெபாயாச் சட்டையும் கொண்டையுமாக வேலியோரம் நின்று, "ஓராங் ஊத்தான் வந்துட்டாரு, சாடியைக் காட்டுங்க!" என்று மலாயில் கத்துவார், காட்டு மனிதன் வந்துவிட்டானாம். தெருவே சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார், சாடியைக் காட்டுவார்.

அக்காவைத் தம் கூட்டாளி மகனுக்குக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவோ மாசி மகத் திருவிழாவில் பார்த்த ஒரு ரப்பர்ப் பால்மரத் தொழிலாளியை மனதில் வைத்திருந்தாள். மறைக்கவில்லை. நேராகவே சொன்னாள்: "நீங்க குடுத்த வாக்கு உங்களுதுப்பா. நான் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

அப்பா கத்தவில்லை. "போ. ஆனா இந்த வீட்டுக் காலு அந்த மண்ண மிதிக்காது" என்றார். அக்கா போய்விட்டாள். இந்த வீட்டுக் கால் என்று மிச்சம் இருந்தவை அவருடைய இரண்டும் என்னுடைய இரண்டும்தான்.

சில வருஷம் கழித்து, காட்டுக்குள் நடந்த கம்யூனிஸ்டுச் சண்டைக்காகப் போட்டிருந்த ஊரடங்கு தளர்ந்து உள்பாதைகள் திறந்த சமயத்தில், ஒரு நாள் மிஸ்டர் பிந்தோ மறுநாள் போகவேண்டிய இடத்தைச் சொன்னார். ஜனங்கள் பள்ளத்துத் தோட்டம் என்று கூப்பிடுகிற சின்னத் தோட்டம். அக்கா வாழ்க்கைப்பட்ட இடம்.

அன்று சாயங்காலம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "நாளைக்குப் பள்ளத்துத் தோட்டத்துக்கு டியூட்டிப்பா."

அவர் பிசைந்த கை நின்றது. "கவர்மெண்டு வண்டியா?"

"ஆமாப்பா."

"வண்டிதான போவுது. போ." பிறகு, நான் எழுந்து கை கழுவப் போகும்போது, முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "எறங்காத."

அந்தப் பாதை தார்ச்சாலையிலிருந்து பிரிந்து கம்போங் வழியாக மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், உள்ளே போகும். கம்போங்கைத் தாண்டினதும் ஓர் ஓடை, அதையொட்டிச் சாம்பல் மண் பள்ளம். அதற்கப்பால் செம்மண் மேடு, மேட்டில் தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசைகளான லயங்கள். நோயாளியைத் தூளி கட்டி அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தூக்கி வந்து தார்ச்சாலையில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். முதல் தடவையே எங்கள் வண்டி பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. லயத்து ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள். மிஸ்டர் பிந்தோ வெறுங்காலோடு தள்ளினார். நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"தொரை எறங்க மாட்டாரா?" என்று ஒரு குரல்.

"சப்பாத்து அழுக்காயிரும்டா" என்று இன்னொன்று.

"விடுங்கப்பா, மாப்ள ஊர்வலம் போறாரு!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் இறங்கவில்லை.

மேட்டில் ஏறி நின்றதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். பால்வெட்டு உடுப்பு, தலையில் துண்டு, இடுப்பில் ஒரு பையன். கதவருகே வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளைச்சுட்டடா" என்றாள். பிறகு, "எறங்குடா" என்றாள்.

என் கால்களைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அப்பாவின் மகள் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டாள். "சரி, சரி. அங்கயே ஒக்காரு" என்று பையனைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுக் காப்பி எடுக்க ஓடினாள். பையனுக்கு மார்பு இழுத்துக்கொண்டிருந்தது, பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி. வண்டிக் கதவு வழியாகத்தான் காப்பி வந்தது.

மிஸ்டர் பிந்தோ பெட்டியைத் திறந்தார். சாயத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "பெலும்" என்றார், கூடி நின்றவர்களைப் பார்த்து, ஏதோ அவரே கேட்டு இல்லை என்றாகிவிட்டது போல. திரும்பி வரும்போது கேட்டார்.

"காலுக்கு என்ன முத்து?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அங்கே போனபோது, போத்தல்களைப் பார்த்துப் பெலும் சொன்ன பிறகு, "அந்த ஓடைய இன்னொரு தடவ பார்த்துட்டு வரேன்" என்று கழியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு நடந்தார். அரை நாழிகையில் பார்க்கக்கூடிய ஓடையை அவர் இரண்டு காப்பி ஆறும் வரைக்கும் பார்த்தார். அதற்கடுத்த மழைக்காலத்திலும் அப்படித்தான். தூரத்தில் அந்த வெள்ளைச் சட்டை குனிந்து, நிமிர்ந்து, ஒரே இடத்தில் கழியை மறுபடி மறுபடி இறக்குவது தெரியும். அந்த நேரமெல்லாம் நானும் அக்காவும் பேசினோம். நான் சீட்டில், அவள் கதவைப் பிடித்தபடி. அப்பாவுக்கு இருமல் எப்படி, யார் சமைக்கிறது, சாடி இன்னும் அங்கேயே இருக்கிறதா. அத்தானும் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பால் எடுக்கப் போய்விடுவார். சில சமயம் அக்கா பேசாமல் என் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டே நிற்பாள். பையன் ஹாரனை அமுக்குவான்.

வருஷத்தில் ஒரு நாள், இரண்டு நாள். பாதை கெட்டுக்கிடந்த புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது.

மெர்டேக்கா வந்தது. பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் புதுக்கொடி ஏறியது. எல்லா ஊரிலும் ஜனங்களுக்கு, இனிமேல் கேட்டால் கிடைக்கும் என்று ஒரு தைரியம் வந்திருந்தது. பள்ளத்துத் தோட்டத்துக்கு நாங்கள் போனபோது அங்கே கம்போங் தலைவர் பாக் மானும் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் ராமையாவும் ஓடைக்கரையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கச் சந்தோஷமான சண்டை. வெட்டிப் போட்ட பால்மரக் கட்டைகளைப் பள்ளத்தில் அடுக்கலாம் என்றார் தண்டல்.

"பால்மரமா? அது அடுத்த மழைக்குள்ள புட்டு மாதிரி உதிரும்" என்றார் பாக் மான். "எங்க பக்கத்துல நிபோங் மரம் இருக்கு. சேத்துல நின்னாலும் அழுகாது. நான் மரம் தரேன். மண்ணு?"

"எங்க மேட்டுல செம்மண்ணு இருக்கு, மலையா கெடக்கு. கூடை என்னுது, தல என்னுது" என்றார் தண்டல்.

"தலையா? அதுல என்ன இருக்கு?"

"பாக் மான், உங்க தொப்பிக்குக் கீழ இருக்கிறதுதான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மிஸ்டர் பிந்தோ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எங்கே வடிகால் வெட்டவேண்டும் என்று கழியால் கோடு போட்டுக் காட்டினார்.

அன்று அக்கா பையனோடு கதவருகே வந்து நின்றாள். பையன் வளர்ந்திருந்தான், ஆனால் இழுப்பு விடவில்லை. இரண்டு தடவை தூளியில் போட்டுப் பள்ளத்தைத் தாண்டியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை, பஸ் வருவதற்குள் உதடு நீலமாகிவிட்டதாம்.

"ரோடு தேறிட்டா மருந்து வண்டி வந்துரும், இல்ல?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வரும்க்கா."

"நீ?"

நான் ஸ்டீரிங்கைத் துடைத்தேன்.

"இவனுக்கு மருந்து வேணும்னா நீ வரக்கூடாது. நீ வரணும்னா இந்தப் பள்ளம் இப்படியே கெடக்கணும்" என்றாள் அக்கா. "என்னடா ரோடு இது!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலம் முழு வீச்சில் இருந்தபோது சோதனைக்குப் போனோம். பள்ளத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். நிபோங் மரங்களைக் குறுக்காக அடுக்கி, ஓரத்தில் முளையடித்து, மேலே கூடை கூடையாகச் செம்மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கியிருந்தார்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு. இந்தக் கரையில் கம்போங் ஆட்கள், அந்தக் கரையில் லயத்து ஆட்கள். அக்கா பையனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

மிஸ்டர் பிந்தோ நடந்து போய்த் திரும்பி வந்தார். வண்டியில் ஏறவில்லை. ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"நான் இங்கயே நிக்கிறேன். நீ தனியாப் போ. மருந்து வண்டிக்காரன் மாதிரி ஓட்டு." பிறகு, "அக்காவுக்குத் தம்பி மாதிரி ஓட்டாத" என்றார்.

மஞ்சளையும் சிவப்பையும் தொடவே கூடாது. வேனுக்கு அது கிடையாது. இரண்டாவது கியரில் இறக்கினேன். அன்றைக்கு என் கைகளுக்கு இரண்டு வித்தையும் தெரியும். இடது பக்கம் ஒரு நூல் இழுத்தால் சக்கரம் முளையில் ஏறி இறங்கும், ஒரு போத்தலாவது போகும், அடுத்த மழைக்கும் நான் இங்கே வருவேன். ஒவ்வொரு மரமாகத் தடவித் தடவி ஏற்றினால் எந்தப் பாதையும் தேறும். ஆனால் பிறகு வேன் வந்து நடுவில் உட்காரும், பையன் கரையில் நிற்பான். இரண்டும் வேண்டாம் என்று கட்டைவிரலை வெளியே எடுத்துக்கொண்டேன். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தேன். சாதாரணமாக ஓட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்த வண்டியையும் ஓட்டினதில்லை. பின்னால் போத்தல்கள் கிணுகிணு என்று ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன. நடுவில் ஒரு மரம் லேசாக அமுங்கி எழுந்தது. கிணுகிணுப்பு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

மேட்டில் நிறுத்தினேன். மிஸ்டர் பிந்தோ நடந்தே வந்தார். அன்றைக்கு அவர் போத்தல்களைப் பார்த்தது போல ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார், மழை வெளிச்சத்தில் திருப்பினார், தக்கையைத் தடவினார், வைத்தார். ஒரு பெட்டி முடிந்தது. இரண்டாவது பெட்டியும் முடிந்தது. மூடியைச் சாத்தினார்.

"இனி ஜாலான்" என்றார்.

இரண்டு கரையிலும் எழுந்த சத்தத்தில் பறவையெல்லாம் கிளம்பின. பாக் மான் தண்டலைக் கட்டிப்பிடித்தார். அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். பிறகு வந்து, ஜன்னல் வழியாக என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லா ஓட்டுனடா" என்றாள். மிஸ்டர் பிந்தோ ஓடையைப் பார்க்கப் போய்விட்டார். தேறிவிட்ட பாதையில் ஓடையைப் பார்க்க என்ன இருக்கிறது? அன்று மூன்று காப்பி ஆறியது.

அதற்குப் பிறகு எத்தனையோ பாதைகள் போனோம். ஆனால் மழை பிடித்தால் என் மனசு ஒரு பக்கம்தான் திரும்பும். மருந்து வண்டி ஓட்டுகிற ஹாசான் ஒரு நாள் என்னைத் தேடி வந்து ஒரு மருந்துப் போத்தலைக் கொடுத்தார். உள்ளே எலுமிச்சை ஊறுகாய். "அந்தத் தோட்டத்து அக்கா குடுத்துச்சு. பையன் இப்ப மரம் ஏறுறான், அதையும் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

அலமாரியில் வைத்தேன். அப்பா பார்த்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. இரவு தட்டோடு எழுந்து போய், போத்தலை எடுத்து, கொஞ்சம் போட்டுக்கொண்டார். மருந்துப் போத்தலில் வேளை அளவுக்குக் கோடு போட்டிருக்கும் அல்லவா? தினமும் ஒரு கோடு. அதற்கு மேல் தொடமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார். அடுத்த போத்தல் வருகிறவரைக்கும் வரவேண்டும் என்று கணக்காகச் சாப்பிட்டார். காலிப் போத்தலை அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். நான் அதில் வெல்லமோ, கடையில் வாங்கின மிட்டாயோ போட்டு ஹாசானிடம் கொடுத்தனுப்புவேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயில் மட்டும் அக்காவின் பெயர் வரவில்லை.

ஒரு வருஷம் மழை அதிகம். மருந்து வண்டி ஒரு முறை உள்ளே போகவில்லை, அடுத்த முறையும் போகவில்லை. போத்தல் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. அப்பா வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்தார். அன்று ஓய்வு நாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பள்ளத்துல தண்ணி ஏறியிருக்குமோ?"

எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன். "எந்தப் பள்ளம்ப்பா?"

"அதான்... அந்தப் பள்ளம்."

"தெரியலயேப்பா. தேறின ரோட்டுக்கு எங்க வண்டி போகாது."

"போகாட்டி?" அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சாடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். "ஒனக்குக் காலு இல்லயா?"

நான் பேப்பரை மடித்து வைக்கவில்லை, போட்டேன்.

பஸ்ஸில் போய்த் தார்ச்சாலையில் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மிஸ்டர் பிந்தோ போல முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தேன். அத்தனை தடவை போன பாதை, ஒரு தடவைகூட என் கால் பட்டதில்லை. ஓடை நிறைந்திருந்தது, ஆனால் சிவப்புக் கோட்டின் மேல் தண்ணீர் கணுக்காலளவுதான். மண்ணுக்குக் கீழே நிபோங் மரங்கள் ஒவ்வொன்றாகப் பாதத்தில் தட்டுப்பட்டன. ஒன்றுகூட அழுகவில்லை. மேடேறினேன்.

அக்கா லயத்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தாள். கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"எறங்கிட்டியாடா?"

"அவருதான் போகச் சொன்னாரு."

அவள் என்னைத் தாண்டி, நான் வந்த பாதையைப் பார்த்தாள். வளைவு வரைக்கும் பார்த்தாள்.

"அப்பா?"

"பெலும்" என்றேன்.

அந்தத் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் மண் சுமந்தார்கள். "சரி" என்றாள் அக்கா. காலுக்கு ஊற்ற ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் மண் இருக்கட்டும் என்று காலை இழுத்துக்கொண்டேன்.

அப்பா அங்கே போகவில்லை, கடைசிவரைக்கும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று நான் ஊறுகாய்ப் போத்தலோடு காஜா பேராங்குக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து வாயைத் திறந்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். என் முழங்கால் வரைக்கும் செம்மண். நான் வழக்கப்படி சாடிப் பக்கம் திரும்பினேன்.

அப்பா குனிந்து என் பாதங்களை வெகுநேரம் பார்த்தார்.

"கழுவாத" என்றார். "அப்படியே உள்ள வா."